ரேடியேட்டரில் குமிழி, சைலன்சரில் வெள்ளைப் புகை: ஏழாயிரம்பண்ணைக் காதுகுத்துக்குக் காரில் கிளம்பியது

மதுரையிலிருந்து சிவகாசி வழியாக ஏழாயிரம்பண்ணைக்குக் காரில் போக எவ்வளவு நேரமாகும் என்று இந்த வலைப்பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். விருதுநகர், சிவகாசி, வெம்பக்கோட்டை என்று போனால் நூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். கார் ஒழுங்காக இருந்தால் இரண்டரை மணி நேரம் போதும். எனக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. அதிலும் கார் போய்ச் சேரவில்லை, நானும் என் மனைவி வசந்தாவும்தான் போய்ச் சேர்ந்தோம். ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் பயணத்தை நினைத்தால் ஒரு வரியோடு நிறுத்த மனம் வரவில்லை.

போன வருடம், 2006 ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. என் தங்கை செல்வியின் மகன் கருப்பசாமிக்கு மொட்டையும் காதுகுத்தும். இடம், ஏழாயிரம்பண்ணையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கண்மாய்க்கரையில் இருக்கும் அய்யனார் கோயில். பத்து மணியிலிருந்து பதினொன்றுக்குள் நல்ல நேரம். செல்வியோடு பிறந்தவன் நான் ஒருவன்தான். தாய்மாமன் மடி இல்லாமல் எந்த ஊரில் காது குத்துகிறார்கள்? எப்படியாவது நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து, பையனை மடியில் வாங்கி உட்கார வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அது ஒன்றுதான்.

அந்த 'எப்படியாவது' என்பதில்தான் சிக்கல். ஒரு வாரத்துக்கு முன்பே செல்வி எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணே, கார்லதான் வரணும். பஸ்ல வந்து எறங்கிறாதீக."

"பஸ்ல வந்தா என் மடி சிறுத்துப் போயிருமாக்கும்?"

"எங்க ஓரகத்தி பிள்ளைக்கு அவ அண்ணன் கார்ல வந்து எறங்குனாரு. வாடகைக் காருதான். அதையே ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டுத் திரியிதா. எங்கண்ணனுக்குச் சொந்தக் காருன்னு நானும் தெருப்பூராச் சொல்லிட்டேன்."

அவள் வெடி கம்பெனியில் திரி வைக்கிற வேலை பார்க்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். எங்கள் வம்சத்தில் முதல் கார் என்னுடையதுதான். பதினைந்து வயதான பெட்ரோல் கார், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிக் களைத்தது. இருந்தாலும் கார் கார்தானே. தங்கச்சி ஆசைப்பட்டுக் கேட்கும்போது பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்ல எந்த அண்ணனுக்கு நாக்கு வரும்?

காருக்கு அப்போது இரண்டு சீக்கு இருந்தது. ஒன்று, தினமும் காலையில் ரேடியேட்டரில் அரை லிட்டர் தண்ணீர் குறைந்திருக்கும். கீழே குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மெக்கானிக்கிடம் காட்டினேன். ஓஸ் பைப்பின் கிளிப் தளர்ந்திருக்கிறது என்று புதுக் கிளிப் போட்டுக் கொடுத்தார். இரண்டாவது, சைலன்சர். காலையில் கிளப்பினால் வெள்ளைப் புகை, ஓடும்போது இருமல், மேட்டில் ஏறும்போது திடீரென்று ஒரு வெடிச் சத்தம். அதை வேறொரு வெல்டிங் கடையில் காட்டினேன். குழாயில் ஓட்டை என்று அவர் பற்ற வைத்துக் கொடுத்தார். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. கிளிப்பும் தளர்ந்துதான் இருந்தது, குழாயிலும் ஓட்டை இருந்தது. ஆனால் தண்ணீர் பார்த்தவர் புகையைப் பார்க்கவில்லை, புகை பார்த்தவரிடம் நான் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. இரண்டும் ஒரே சீக்கு என்பது பிறகுதான் தெரிந்தது.

காலை ஆறு மணிக்கு மதுரையில் கிளம்பினோம். சீர்த்தட்டுகள் பின் சீட்டில், பழக்கூடை வசந்தாவின் மடியில். நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் திருமங்கலம் வரை மண்ணிலும் தாரிலும் மாறி மாறி இறங்கி ஏற வேண்டியிருந்தது. ஏழே காலுக்கு விருதுநகர். டீ குடித்துவிட்டு ரேடியேட்டரைப் பார்த்தால் ஒரு லிட்டருக்கு மேல் வாங்கியது. வழக்கத்தைவிட அதிகம்தான். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டேன். விருதுநகர் வெயிலுக்கு ஆவணி, சித்திரை என்ற பேதமெல்லாம் கிடையாது என்பதை அந்தப் பக்கத்தில் பிறந்த நானே மறந்தால் யாரைச் சொல்ல?

எட்டரைக்குச் சிவகாசி. பையனுக்குச் செய்யச் சொல்லியிருந்த கடுக்கனை ஆசாரி வீட்டில் வாங்கினோம். தீபாவளி சீசன், ஊர் முழுக்க லோடு லாரிகள். அந்த நெரிசலில் முதல் கியரிலேயே ஊர்ந்ததில் சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஊரைத் தாண்டி வெம்பக்கோட்டை ரோட்டில் ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் பானெட் ஓரத்தில் ஆவி வர, ஒரு வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன்.

அங்கே நிற்கும்போதுதான் பின்னாலேயே ஏழாயிரம்பண்ணை பஸ் வந்தது. அதில் எங்கள் பெரியம்மா மகன் ராமர் இருந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், தீப்பெட்டி ஆபீசில் வேலை. அதே விசேஷத்துக்குத்தான் போகிறான். கண்டக்டரிடம் சொல்லி பஸ்ஸை நிறுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான்.

"என்னண்ணே, வண்டி கொதிக்குதா? பூட்டிப் போட்டுட்டு ஏறுங்க. வண்டிய சாயங்காலமா வந்து பாத்துக்கிடலாம்."

"ஆறட்டும்டா. அரை மணி நேரத்துல வந்துருவேன்."

"மணி ஒம்பதாகப் போகுதுண்ணே."

வசந்தா என்னைப் பார்த்தாள். பழக்கூடையைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். நான் கையை ஆட்டி பஸ்ஸைப் போகச் சொன்னேன். கார் மரத்தடியில் நிற்க, மாமன்காரன் சீர்த்தட்டோடு பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போய் இறங்கினால் செல்வி முகம் எப்படியிருக்கும் என்பதுதான் என் கண்ணுக்குள் நின்றது. அந்த பஸ்ஸின் பின்பக்கம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. டிக்கெட் ஆறு ரூபாய்.

ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பி வெம்பக்கோட்டை அணையைத் தாண்டியபோது ஒன்பதே முக்கால். வைப்பாற்றில் தண்ணீர் இல்லை, அணையில் கொஞ்சம் கிடந்தது. இங்கிருந்து ஏழாயிரம்பண்ணை வரை இரண்டு பக்கமும் கரிசல் காடும் வேலிக்கருவையும். நடுநடுவே கம்பி வேலி போட்டு, ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன ஷெட்டுகள். வெடி கம்பெனிகள். கம்பெனிக்குள் நுழைகிற வண்டிகளுக்கு சைலன்சர் வாயில் பொறி பறக்காமல் கம்பிவலை மூடி மாட்டியிருக்க வேண்டும். என் கார் ரோட்டில் போகிற கார், அதற்கு அந்த விதி இல்லை. ரோட்டுக்கும் முதல் ஷெட்டுக்கும் நடுவே ஒரு கடலைக் காடு அளவுதான் தூரம்.

ஒரு சின்ன மேடு. இரண்டாவது கியருக்கு மாற்றினேன். இஞ்சின் இரண்டு முறை விக்கியது. பிறகு சைலன்சரிலிருந்து ஒரு சத்தம். அதுவரை கேட்டதெல்லாம் இருமல்தான். இது அசல் வெடி. கார் அப்படியே நின்றது, பானெட்டின் நாலு பக்கமும் வெள்ளையாக ஆவி கிளம்பியது.

நான் முதலில் பார்த்தது காரை அல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் ஷெட்டுகளிலிருந்து பெண்கள் ஓடினார்கள். ஒவ்வொரு ஷெட்டுக்கும் நாலு வாசல் வைத்திருப்பது எதற்கென்று அப்போது புரிந்தது. கத்தல் இல்லை, கூப்பாடு இல்லை. வெறுங்காலோடு, முந்தானையை இடுப்பில் செருகியபடி, திரும்பிப் பார்க்காமல் காட்டுக்குள் ஓடினார்கள். வேலிக்கருவை முள்ளுக்குள்ளேயே ஓடினார்கள். என் தங்கையும் இதே வேலைதான் பார்க்கிறாள், இதே மாதிரிதான் ஓடுவாள்.

அடுத்த நிமிடம் கம்பெனி கேட்டிலிருந்து ஐந்தாறு ஆண்கள் சிவப்பு வாளிகளோடு எங்களை நோக்கி ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவர் போர்மேன். மாடசாமி என்று பிறகு பெயர் தெரிந்தது.

"எறங்குங்க. அந்தம்மாவ எறக்குங்க. சாவியப் புடுங்குங்க."

நாங்கள் இறங்கியதுதான் தாமதம், ஒருவர் துணியைச் சுற்றிப் பானெட்டைத் தூக்கினார். வெள்ளை ஆவி ஆள் உயரத்துக்கு எழும்பியது. "அது தீ இல்லண்ணே, ஆவி" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் இரண்டு வாளித் தண்ணீரும் மூன்று வாளி மணலும் இஞ்சின் தலையில் விழுந்துவிட்டன. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர். சீறி அடங்கியது. அதற்குள்ளே 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், கண்ணாடி டம்ளரில் வெந்நீர் ஊற்றினால் கேட்குமே அது மாதிரி. இஞ்சினின் மேல்பாகமான ஹெட் விரிசல் விட்ட சத்தம் அது.

புகையைக் கண்டால் என்னவென்று பார்க்கிற பழக்கம் வேறு ஊர்க்காரர்களுக்கு. இங்கே பார்த்துக்கொண்டு நின்றால் ஆள் மிஞ்ச மாட்டான். முதலில் வாளி, பிறகுதான் கேள்வி. அவர்கள் கற்றுக்கொண்டதை அவர்கள் செய்தார்கள், அதில் எனக்குக் கோபம் வரவே இல்லை.

மாடசாமி குனிந்து பார்த்தார். மணலுக்கு அடியில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாறியது.

"தீ இல்லியாண்ணே?"

"இல்ல. ரேடியேட்டர் கொதிச்சு ஆவி வந்திருக்கு."

"அப்ப தண்ணி ஊத்துனது தப்பாப் போச்சே. நாங்க வெள்ளையாக் கண்டா யோசிக்கிறதில்லண்ணே. போன மாசம் யோசிச்சுக்கிட்டு நின்னவன் ஆசுபத்திரியில கெடக்கான்."

"ஒங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் திரும்பிப் போய் ஆட்களை எண்ண ஆரம்பித்தார். சத்தம் கேட்டு ஓடினால், எல்லாரும் வந்து தலை எண்ணி முடிக்காமல் ஒருவரும் ஷெட்டுக்குள் போகக் கூடாதாம். காட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். கையெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி வெள்ளியாக மின்னியது. ஒரு பெண் வரப்பில் உட்கார்ந்து உள்ளங்காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். வசந்தா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள்.

"விடுங்கம்மா. எங்கன போறீக?"

"ஏழாயிரம்பண்ணைக்கு. நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. இவுகதான் தாய்மாமன்."

"அய்யய்யே, நேரமாச்சே. மினிபஸ் பத்தே முக்காலுக்குத்தான் வரும். முள்ளு கெடக்கட்டும், நீங்க மொதல்ல ரோட்டுல போய் நில்லுங்க."

மினிபஸ் வரும்வரை எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. மணலைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். இவ்வளவு நாள் பார்க்காததையெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பார்த்தேன். எண்ணெய்க் குச்சியை உருவினால் எண்ணெய் கறுப்பாக இல்லை, பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டால் கரியோடு தண்ணீர். ரேடியேட்டர் நன்றாக ஆறியதும் மூடியைத் திறந்து, மிச்சமிருந்த தண்ணீரை ஊற்றி, வசந்தாவைச் சாவியைத் திருகச் சொன்னேன். இஞ்சின் கிளம்பவில்லை, சும்மா சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ரேடியேட்டர் வாயில் குமிழி வந்தது. பிறகு மதுரையில் பிரித்துப் பார்த்தபோது மெக்கானிக்கும் இதைத்தான் சொன்னார். இஞ்சினுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் ரொம்ப நாளைக்கு முன்பே போய்விட்டது. தரையில் சொட்டாத தண்ணீர் முழுக்க சிலிண்டருக்குள் இறங்கி, வெந்து, சைலன்சர் வழியாக வெள்ளைப் புகையாகப் போயிருக்கிறது. நனைந்த சிலிண்டரில் சரியாக எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் வெடித்திருக்கிறது. அவ்வளவுதான், ஒரே சீக்கு. கேஸ்கெட்டோடு போயிருந்தால் மாற்றி ஓட்டியிருக்கலாம். ஹெட் விரிசல் விட்டதால் காரை எடைக்குத்தான் போட வேண்டியதாயிற்று.

மினிபஸ் ஏழாயிரம்பண்ணையில் இறக்கிவிட, அங்கிருந்து சீர்த்தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தோம். கோயிலை அடைந்தபோது பதினொன்றரை.

ஆட்கள் பந்தியில் உட்காரவில்லை, எல்லாரும் மரத்தடியில் நின்றார்கள். காது குத்த வந்திருந்த உள்ளூர் ஆசாரி தன் பெட்டியை மூடி வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். செல்வி என்னைத் தாண்டி ரோட்டை ஒரு தடவை பார்த்தாள்.

"கார் எங்கண்ணே?"

"வழியில நிக்கு."

"நிக்கட்டும். வாங்க, உக்காருங்க."

பையன் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ராமர் தோளில் இருந்தான். வலது காதில் தங்கக் கம்பி, அதைச் சுற்றி மஞ்சளும் ரத்தமும். இடது காது வெறுமையாக இருந்தது.

"என்னம்மா, ஒத்தக் காதோட நிக்கான்?"

"நேரம் தப்பிரும்னு மொட்டைய ராமர் அண்ணன் மடியில போட்டாக. ஒரு காதும் குத்தியாச்சு. அவுகளும் மாமன் மொறைதானே, குத்தமில்லன்னு எல்லாருஞ் சொன்னாக. இந்தக் காது எங்கண்ணன் மடிக்குத்தான்னு நான் ஆசாரி கையப் புடிச்சு நிறுத்திட்டேன்."

"ஒரு மணி நேரமா ஒக்காந்திருக்கேன் தம்பி. இதுவரைக்கும் இப்பிடி ஒத்தக் காதோட எந்தப் பிள்ளையையும் நிறுத்துனதில்ல" என்றார் ஆசாரி. ஓரகத்திக்காரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சிரித்தாள்.

சப்பணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினேன். அதுவரை என்னைப் பார்த்தால் ஓடி வந்து பையைப் பிடுங்குகிறவன் அவன். அன்று என் மடியைப் பார்த்தான், ஆசாரி பெட்டியைத் திறப்பதைப் பார்த்தான், ராமர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு அலறினான். பிரித்து எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. காலை ஒருவர் பிடித்தார், கையை அவன் அப்பா பிடித்தார், தலையை நான் பிடித்தேன். "மாமா வேண்டாம், மாமா வேண்டாம்" என்று கத்திக்கொண்டே என் கட்டை விரலைக் கடித்தான். குத்தி முடித்ததும் கூட்டம் குலவை போட்டது. செல்வியும் போட்டாள், அழுதுகொண்டே போட்டாள். அவள் வேண்டியது நடந்துவிட்டது. நான் அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் இரண்டு காதையும் நேரத்துக்கு என் மடியிலேயே குத்தியிருப்பார்கள் என்பது எனக்கும் வசந்தாவுக்கும் ராமருக்கும் தெரியும்.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன். பழைய காரில் தண்ணீர் குறைந்து தரை காய்ந்திருந்தால் ஓஸ் பைப்போடு நிறுத்தாதீர்கள். காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பாருங்கள், விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள், முகம் வெந்துவிடும். காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது எல்லா வண்டிக்கும் உண்டு. இஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காமல் வந்தால்தான் வம்பு. எண்ணெய் டீ நிறமாகியிருந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள். சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க, வண்டியைக் கிளப்பியதும் குழாய் வாயை ஈரத்துணியால் ஒரு நொடி அடைத்தால் போதும், ஓட்டை இருக்கிற இடத்தில் சீறும். கொதித்த இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். தண்ணீருக்கும் புகைக்கும் ஒரே மெக்கானிக்கிடம் போங்கள், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெம்பக்கோட்டையைத் தாண்டினால் வெடிக்கிற சைலன்சரோடு போகவே போகாதீர்கள். உங்களுக்கு அது ஒரு சத்தம். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் முள்ளில் ஓடுவார்கள். சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு பஸ் வசதி நன்றாகவே இருக்கிறது.

இந்தப் பொங்கலுக்கு நாங்கள் பஸ்ஸில்தான் போனோம். செல்வி வாசலுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாள், காரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கருப்பசாமிக்கு இப்போது நன்றாகப் பேச்சு வருகிறது. ராமரும் வந்திருந்தான், பையன் அவன் மடியை விட்டு இறங்கவே இல்லை. வலது காதைக் குத்தக் கொடுத்த மடிதான் அதுவும். ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்த மடி. என் மடிக்கு வந்தபோது வலி என்னவென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "மாமாகிட்ட வாலே" என்று கையை நீட்டினேன். அவன் இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டு, செல்வி சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.